திருப்பணி நிறைவு அறிக்கை: மடப்பள்ளித் தரை ஏன் ரெண்டு தடவை, தாத்தாவோட 555 புக்கு

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். 48 நாள் மண்டலாபிஷேகம் நல்லபடியா முடிஞ்சிருச்சு, பந்தல் பிரிச்சாச்சு, வாடகை நாற்காலியும் திருப்பி அனுப்பியாச்சு. ரெண்டு நாற்காலி குறையுது, யார் வீட்டுலயாவது இருந்தா சத்தம் போடாம கொண்டாந்து வச்சிருங்க, கேள்வி கேக்க மாட்டோம். வரவு செலவு முழுசா நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கு. இங்க அதுல இல்லாததை எழுதறேன்.

போன கும்பாபிஷேகம் 2008. பன்னெண்டு வருஷக் கணக்குக்கு 2020ல செஞ்சிருக்கணும், ஆனா அந்த வருஷம் மார்ச் 18ல கொரோனாவுக்கான எம்சிஓ (நடமாட்டக் கட்டுப்பாடு) வந்து கோயில் கதவையே சாத்திட்டாங்க, அப்புறம் சிமெண்டு கம்பி விலை ஏறுச்சு, சிற்பிங்க பெர்மிட்டுக்குக் காத்திருந்தோம், வேலை முடியற வரைக்கும் சாமியைத் தனி எடத்துல வைக்கிற பாலாலயம் பண்ணவே 2022 ஆயிருச்சு. விமானம், சுதை வேலை, வர்ணம், மின்சார வயரிங் புதுசு, பின்னாடி செவுரு. இதெல்லாம் நீங்களே பாத்துட்டீங்க. சுதை வேலைல குறை சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. துவாரபாலகர் முகத்துக்கு ரெண்டாவது தடவை வர்ணம் அடிச்சது மட்டும் எனக்கு இன்னும் மனசுக்கு ஒப்பல, மொதல்ல அடிச்சதே நல்லா இருந்துச்சு, சரி விடுங்க.

நிறைய பேர் கேட்ட கேள்வி, கணக்குல மடப்பள்ளித் தரை ஏன் ரெண்டு எடத்துல வருதுன்னு. நியாயமான கேள்வி. பதில் சொல்லணும்னா தாத்தாவைப் பத்திச் சொல்லாம முடியாது.

தாத்தான்னா எந்தத் தாத்தான்னு உங்களுக்கே தெரியும். 2023 ஐப்பசில, எண்பது நெறையிறதுக்கு முன்னாடியே நம்மள விட்டுப் போனாரே, அவருதான். பினாங்குத் தீவுக்கும் அக்கரை பட்டர்வொர்த்துக்கும் ஓடுற பெர்ரில வேலை பாத்தவரு. 1985ல பினாங்குப் பாலம் திறந்தப்போ ‘இனி பெர்ரி அவ்ளோதான்’னு கூட வேலை செஞ்சவங்க சொன்னாங்களாம், இவரு அதுக்கப்புறமும் பதினாலு வருஷம் அதே கப்பல்ல ஓடி ரிட்டயர் ஆனாரு. மூணு பொண்ணு ஒரு பையன், எல்லாரையும் அந்தச் சம்பளத்துலயே படிக்க வச்சாரு. காலைல பேத்தியை கப்சாய் மோட்டார்சைக்கிள்ல ஸ்கூல்ல விட்டுட்டு நேரா கோயிலுக்கு வருவாரு, ஒரு மணிக்கு மறுபடி ஸ்கூலுக்குப் போகணும்னு பன்னெண்டரைக்கு ஹெல்மெட்டை எடுத்துருவாரு. மீட்டிங் பாதில இருந்தாலும் சரி, தலைவரே பேசிட்டு இருந்தாலும் சரி, ‘பிள்ளை வெயில்ல நிக்கும்’, அவ்ளோதான், கிளம்பிருவாரு. ஆரம்பத்துல எனக்கு அது மரியாதை இல்லாத மாதிரி பட்டுச்சு.

2017 நவம்பர் 4 ராத்திரி ஜெலுத்தோங், சுங்கை பினாங் பக்கம் எல்லாம் தண்ணி ஏறுச்சே, மறந்திருக்க மாட்டீங்க. நம்ம மடப்பள்ளில அரிசி மூட்டை மிதந்துச்சு. மறுநாள் எல்லாரும் சேறு கழுவிட்டு இருந்தப்போ தாத்தா மட்டும் காதுல செருகியிருந்த பென்சிலை எடுத்து, செவுத்துல தண்ணி நின்ன அடையாளம் காயறதுக்குள்ள ஒரு கோடு போட்டு பக்கத்துல தேதி எழுதினாரு. முட்டிக்கு ஒரு சாண் கீழ. அப்போ நாங்க சிரிச்சோம்.

திருப்பணில மடப்பள்ளித் தரையை ஆறு இஞ்ச் தூக்கினா போதும்னு கொந்தரெக்டரு சொன்னாரு. தாத்தா ஒத்துக்கல, கோடு வரைக்கும் தூக்குங்கன்னாரு, அதோட லொங்காங் (வடிகால்) வாயில ஒரு ஃபிளாப் போடணும், தண்ணி வெளிய போகலாம் உள்ள வரக்கூடாதுன்னாரு. ‘தம்பி, மழையை மட்டும் பாக்காதீங்க. ஆயர் பாசாங் நேரத்துல கடலு நெறைஞ்சிருக்கும், லொங்காங் தண்ணி போக எடம் இல்லாம திரும்பி வரும். நான் தண்ணி மேலயே பொழச்சவன்’. பெர்ரிக்காரருக்கு ஏத்த வத்தம் தெரியாம யாருக்குத் தெரியும்? ஆனா நாங்க கேக்கல. பட்ஜெட் இடிக்குதுன்னு சொன்னோம், மினிட்ஸ்ல அப்படித்தான் எழுதியிருக்கேன், என் கையெழுத்துதான். கொந்தரெக்டரு மேல மட்டும் பழி போட முடியாது.

2023 செப்டம்பர்ல ஒரு நாள் காலைல பேய் மழை, அதே நேரம் கடலும் ஏறி நின்னுச்சு. புதுத் தரைல கணுக்கால் வரைக்கும் தண்ணி, மழையால வந்தது இல்ல, லொங்காங் வழியா கீழ இருந்து பொங்கி வந்தது. நான் போனப்போ தாத்தா ஏற்கனவே கைலியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு துடைப்பத்தோட நிக்கிறாரு. ‘நான் அன்னிக்கே சொன்னேன்’னு ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு காத்துக்கிட்டே இருந்தேன். சொல்லல. ‘அந்த அடுப்பை மொதல்ல நகத்து’ன்னாரு. அதுக்கு அடுத்த மாசம் தூக்கத்துலயே போயிட்டாரு. ரெண்டாவது தடவை போட்ட தரை அவரு சொன்ன உயரம், ஃபிளாப்பும் போட்டாச்சு. ரெண்டு வரி வந்ததுக்குக் காரணம் இதுதான்.

இப்போ கணக்கு. ஆடிட் பண்ணும்போது 13 வெள்ளி 40 சென் இடிச்சுது. சின்னத் தொகைதான், ஆனா மூணு ராத்திரி உக்காந்தும் கிடைக்கல. கடைசில அவரு வீட்டுக்குப் போய் பாட்டிகிட்ட 555 புக்கு இருக்கான்னு கேட்டோம். ரப்பர் பேண்டு போட்டு மைலோ டின்னுக்குள்ள முப்பதுக்கு மேல இருந்துச்சு. மளிகைக்கடைல கடன் எழுதற அதே சின்ன நோட்டுதான். 2008 திருப்பணிக்கு ஒரு கட்டு தனியா, அதுல முன்பக்கம் மூணு சென் ஏழு சென் எல்லாம் இருக்கு, அந்த வருஷம் ஏப்ரல்ல ஒரு சென் காசை நிறுத்தி ரவுண்டிங் பண்ண ஆரம்பிச்சதுக்கு அப்புறம் எல்லாம் அஞ்சுலயும் பத்துலயும் முடியுது. புதுக் கட்டுல ஒரு பக்கத்துல: ‘கல்லு ஏத்துன பையனுங்களுக்கு ஐஸ் மைலோ, ரொட்டி சானாய் 13.40, என் கைல இருந்து கொடுத்து பெட்டில எடுத்தேன், ரசீது இல்ல, மன்னிக்கவும்’.

அதே புக்குல எடுக்காத காசும் இருந்துச்சு. ஆணி, கயிறு, லோரிக்காரருக்கு சாப்பாடுன்னு சொந்தக் காசு போட்டது. கூட்டிப் பாத்தா 412 வெள்ளி. கவர்ல போட்டு பாட்டிகிட்ட கொடுத்தோம், தொடவே இல்ல, அன்னதானத்துல சேத்துக்கச் சொல்லிட்டாங்க. வரவுல ‘நன்கொடை, பெயர் வேண்டாம்’னு இருக்கறது அதுதான்.

புக்கு கிடைச்சதுல இன்னொண்ணும் ஆச்சு. சாமியைப் பீடத்தோட பதிய வைக்கிற அஷ்டபந்தன மருந்துக்கு எட்டுப் பொருள் வேணும். அதைச் சாத்தறதுக்கு கொம்பரக்கு, சுக்கான், குங்கிலியம், காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு எல்லாம் ஊர்ல இருந்து வரவழைச்சாச்சு, எட்டாவது எருமை வெண்ணெய், அதுக்கு எங்க போறது? பசு வெண்ணெய் போட்டுக்கலாமான்னு குருக்கள்கிட்ட கேட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டோம். கடைசி புக்குல கடைசிக்கு முந்தின பக்கம்: ‘எருமை வெண்ணெய், அந்தக் கரைல சொல்லியாச்சு, சித்திரைல ஞாபகப்படுத்தணும்’, கீழ ஒரு போன் நம்பரு. கூப்பிட்டோம். எடுத்தவரு நாங்க யாருன்னு சொல்றதுக்கு முன்னாடியே ‘பெரியவர் கோயிலா? அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போயிட்டாரே, எப்ப வேணும்’னாரு. போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தோம், கொஞ்ச நேரம் யாரும் பேசல. உலக்கைல இடிக்கும்போது பேத்தியும் வந்து ஒரு கை போட்டா.

கல்வெட்டுல அவரு பேரு போடலாம்னு கமிட்டில எல்லாரும் சொன்னோம். பாட்டி வேண்டாம்னுட்டாங்க. ‘அந்த பென்சில் கோட்டை அழிச்சிராதீங்க, அது போதும்’னாங்க. சொல்ல வெக்கமா இருக்கு, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே பெயிண்ட் அடிச்சவரு அந்தச் செவுத்தை முழுசா வெள்ளையாக்கிட்டாரு, யாரும் அவருகிட்ட சொல்லி வைக்கல. நல்லவேளை பேத்தி போன்ல ஒரு போட்டோ இருந்துச்சு. ஜன்னல் கட்டையில இருந்து அளந்து அவளே மறுபடியும் போட்டா, தேதியும் எழுதினா. தரை ஏறிட்டதால கோடு இப்போ தரையை ஒட்டியே இருக்கு, ஒரு இஞ்ச் முன்ன பின்ன இருக்கலாம். அரிசி ட்ரம்மை அந்த மூலைல வைக்காதீங்க, கோடு மறைஞ்சிரும்.

மீதிப் பணம் பேங்க்லதான் இருக்கு. 555 புக்கு எல்லாத்தையும் பாட்டிகிட்ட திருப்பிக் கொடுத்தாச்சு, கடைசி புக்கு மட்டும் ஆடிட் முடியற வரைக்கும் என்கிட்ட இருக்கு. அவரு பின்னாடி கொட்டகைல வச்சிருந்த அலுமினிய ஏணியை யாரோ எடுத்துட்டுப் போயிருக்கீங்க, அது கோயில் ஏணி இல்ல, அவரு வீட்டு ஏணி.