நட்ட முடி கொட்டும் மாதங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹேர் டிரான்ஸ்பிளான்ட் விளம்பரங்களில் எப்போதும் இரண்டு படங்கள்தான் இருக்கும்: முன்பு, பின்பு. அந்த இரண்டுக்கும் நடுவே முழுசாக ஓர் ஆண்டு கிடக்கிறது. சிகிச்சை செய்துகொண்டவர்கள் தூக்கம் கெட்டுத் தவிப்பது அந்த ஆண்டில்தான், அதிலும் முதல் நான்கு மாதங்களில். அந்த நாட்களில் எது இயல்பு, எது ஆபத்து என்று யாரும் தெளிவாக எழுதிக் கொடுப்பதில்லை. தங்கள் வாசகர்களில் பலருக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறோம்.

முதல் பயம் முகவீக்கம். அறுவையின்போது தலைத்தோலுக்குள் மரத்துப்போகும் மருந்தும் உப்புநீரும் நிறையச் செலுத்தப்படுகின்றன. அந்த நீர் கீழ்நோக்கி இறங்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் நெற்றி புடைக்கும். அடுத்த நாள் இமைகள் வரை வந்து, சிலருக்குக் கண்ணே திறக்க முடியாது. 2016இல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்த செய்தி பலர் மனதில் இருப்பதால், இந்த வீக்கத்தைக் கண்டதும் உயிர்ப்பயமே வந்துவிடுகிறது. வலியும் காய்ச்சலும் இல்லாத வீக்கம் ஒரு வாரத்துக்குள் தானாக வடிந்துவிடும். முதல் ஐந்தாறு இரவுகள் இரண்டு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடி தூங்கினால் வீக்கம் குறையும். ஐஸ் வைப்பதானால் புருவத்துக்கு மேலே நெற்றியில் மட்டும், துணியில் சுற்றி வைக்க வேண்டும். நட்ட இடத்தில் வைக்கவே கூடாது. வீக்கத்துக்காகச் சில நாள் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பதுண்டு. அது தூக்கத்தைக் கெடுக்கும், மனசைப் படபடக்க வைக்கும், சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். முதல் வாரத்துப் பதற்றத்தில் ஒரு பங்கு அந்த மாத்திரையால் வருவது என்று தெரிந்தாலே பாதி நிம்மதி.

அடுத்தது, கிராஃப்ட், அதாவது பின்மண்டையிலிருந்து வேரோடு எடுத்து நட்ட முடி, பிடுங்கிக்கொண்டு வந்துவிடுமோ என்ற பயம். முதல் இரண்டு நாள் அது நியாயமான பயம்தான். அந்த நாட்களில் முடியைப் பிடித்து இழுத்தால் வேரோடு வந்துவிடும். ஒட்டியிருக்கும் பொருக்கைப் பிய்த்தால் ஐந்தாம் நாள் வரைகூட கிராஃப்ட் போகலாம். ஒன்பது பத்து நாளுக்கு மேல் அது தோலோடு ஒட்டி நிலைத்துவிடுகிறது. ஆனால் செவிலியர்களான நாங்கள் அதிகம் பார்ப்பது இதற்கு நேர்மாறான தவறு. கை பட்டால் போய்விடும் என்று பயந்து, இரண்டு வாரமானாலும் தலையைக் கழுவாமலே இருந்துவிடுகிறார்கள். பொருக்கு தடித்துக் கல்லாகி, அடியில் சீழ் கோத்து, அரிப்பு தாங்காமல் தூக்கத்தில் சொறிந்துவிடுகிறார்கள். மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குள், கழுவத் தொடங்க வேண்டும். ஷவர் வேண்டாம். குழந்தைகளுக்கான ஷாம்பூவைக் குவளைத் தண்ணீரில் நுரையாக்கி, அந்த நுரையை மட்டும் தலையில் ஒற்றி வைத்து, சில நிமிடம் கழித்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால் போதும். பத்தாம் நாளில் உப்புநீரைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, நகம் படாமல் விரல்நுனியால் வட்டமாக உருட்டினால் பொருக்கு கழன்று வரும்.

இங்கேதான் பலருக்கு நெஞ்சு திக்கென்கிறது. கழன்ற பொருக்கோடு ஒரு சிறு முடியும், அதன் நுனியில் வெள்ளையாக ஒரு குமிழும் இருக்கும். "வேரே வந்துடுச்சு" என்று அதைப் படமெடுத்து அனுப்பாதவர்கள் குறைவு. அந்த வெள்ளைக் குமிழ் முடித்தண்டின் அடிப்பகுதியும் அதைச் சுற்றிய உறையும்தான். முடியை வளர்க்கும் வேர்ப்பை தோலுக்குள்ளேயே இருக்கிறது. உண்மையிலேயே கிராஃப்ட் வெளியே வந்தால் அந்த இடத்தில் பளிச்சென்று ரத்தம் கசியும். ரத்தம் இல்லையென்றால் இழப்பு இல்லை.

பெரிய சோதனை அதற்குப் பின் வருகிறது. இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள், நட்ட முடியில் பெரும்பகுதி கொட்டிவிடும். வேர்ப்பையைப் பின்மண்டையிலிருந்து எடுத்து முன்னால் வைக்கும்போது அதன் ரத்த ஓட்டம் அறுந்து, அது ஓய்வு நிலைக்குப் போய்த் தண்டை உதிர்க்கிறது. நடவு செய்த நாற்று முதலில் பழுத்துச் சோர்ந்து நின்று, பிறகுதான் பச்சை பிடிக்கும் என்பது விவசாயம் பார்த்த குடும்பங்களுக்குத் தெரியும்; இதுவும் ஏறக்குறைய அப்படியே. இதோடு பக்கத்தில் ஏற்கெனவே இருந்த சொந்த முடியும் அதிர்ச்சியில் கொஞ்சம் கொட்டும். அதுவும் சில மாதங்களில் திரும்பும், ஆனால் முன்பே மெலிந்து நூலாகிப்போன முடிகள் திரும்பாமலும் போகலாம். இதை அறுவைக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

ஆக, இரண்டாம் மூன்றாம் மாதத்தில் தலை அறுவைக்கு முன் இருந்ததைவிட மோசமாகத் தெரியும். "கல்யாணத்துக்கு மூணு மாசம் இருக்கு, இப்போ செஞ்சுக்கலாம்" என்று வருபவர்களுக்கு இதைத்தான் அழுத்திச் சொல்கிறோம்: மணமேடையில் உட்காரும் நாளில்தான் தலை இருப்பதிலேயே வெறுமையாக இருக்கும். ஓராண்டு இடைவெளி இல்லாவிட்டால் கல்யாணம் முடிந்தபிறகே செய்துகொள்ளுங்கள்.

மூன்று நான்கு மாதத்தில் புதுமுடி எட்டிப் பார்க்கும். மெல்லிசாக, சில நேரம் சுருண்டு, ஒரு பக்கம் முந்தி மறுபக்கம் பிந்தி வரும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும் என்பதால், நாலாம் மாதத்தில் முளைத்தது ஆறாம் மாதத்தில் இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். முழுத்தோற்றம் தெரிய ஓராண்டு, உச்சந்தலைக்கு அதற்கும் மேல். முளைக்கும் காலத்தில் சிறு பருக்கள் வருவதுண்டு. கிள்ளாமல் வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுங்கள். பின்மண்டை சில மாதம் மரத்திருப்பதும் இயல்புதான்.

எண்ணெய்க் குளியல், வெங்காயச் சாறு, தலைமசாஜ் எதுவும் முதல் மாதத்தில் வேண்டாம். முதல் பத்துப் பதினைந்து நாள் ஹெல்மெட் போட முடியாது, ஆகவே பைக்கே எடுக்காதீர்கள். மொட்டை போடும் வேண்டுதல் இருந்தால் ஓராண்டு தள்ளிவைக்கலாம். சிகரெட் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். அதைக் கண்டிப்பாக நிறுத்த வேண்டும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள் வேறு. நாளுக்கு நாள் கூடும் வலி, காய்ச்சல், சீழ், துர்நாற்றம், நட்ட இடத்துத் தோல் கருத்துப்போவது, சுத்தமான பஞ்சுத்துணியால் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்தியும் நிற்காத ரத்தம், மூச்சுத்திணறல். இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மனதுக்கும் ஒரு வார்த்தை. தினமும் டியூப்லைட் அடியில் நின்று ஈரத்தலையைப் பார்த்தால் யாருக்கும் வழுக்கையாகத்தான் தெரியும். மாதம் ஒரு நாள், ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், காய்ந்த தலையோடு படம் எடுத்து வையுங்கள். நடுவில் பார்க்க வேண்டாம். வீட்டில் ஒருவருக்காவது விவரம் முழுதும் தெரிந்திருக்கட்டும். "இவ்வளவு காசு போட்டும் இதுதானா?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல அவர் இருப்பார். முடி கொட்டுவதைக் குறைக்கக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரை சாப்பிடுபவர்கள் மனச்சோர்வோ தாம்பத்தியத்தில் மாற்றமோ தெரிந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, வேலைக்குப் போகவே கூசினால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

யூடியூப் பார்த்துக் கற்பது இந்தச் சிகிச்சைக்குப் போதிய பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. அறுவைக்குக் கேட்கும் அதே தகுதியைப் பின்கவனிப்புக்கும் கேட்க வேண்டும். பணம் கட்டும் முன் இந்த இரண்டைக் கேளுங்கள்: மாதவாரியாக என்ன நடக்கும் என்று தமிழில் எழுதிய தாள், இரவு பதினொரு மணிக்கு ரத்தம் கசிந்தால் எடுத்துப் பேசும் மருத்துவரின் எண். இரண்டில் ஒன்றைத் தர மறுத்தாலும் அங்கே படுக்காதீர்கள்.

இப்படிக்கு,
முடி நடும் சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் செவிலியர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.