ரிபேட்டை பில்லுலயே கழிச்சா என்ன?

ஆசிரியருக்கு வணக்கம்,

அமெரிக்காவுக்குப் புதுசா வர்ற நம்ம பிள்ளைங்க இந்த மெயில்-இன் ரிபேட்டுல ஏமாறக் கூடாதுன்னுதான் எழுதறேன். விளம்பரத்துல ஒரு விலையைப் பெருசா போட்டிருப்பாங்க, நம்பிப் போய் கார்டைத் தேய்ச்சா பில்லுல அதை விட அதிகமா வந்திருக்கும், கேட்டா அது ரிபேட் போக வர்ற விலை, ஃபார்மை நிரப்பி தபால்ல அனுப்புங்க, பணம் பின்னாடி வரும்பாங்க. சேல்ஸ் டாக்ஸ் மட்டும் முழு விலைக்கும் அன்னைக்கே புடிச்சிடுவாங்க.

போன வருஷம் பொண்ணுக்கு, ஒரு நாள் போட்டுட்டுத் தூக்கிப் போடற டெய்லி கான்டாக்ட் லென்ஸ் வாங்கினோம். டப்பாக்கு 90 லென்ஸ், ஒரு கண்ணுக்கு 4 டப்பான்னு மொத்தம் 8, அப்படி வாங்கினா 120 டாலர் ரிபேட். ஒவ்வொரு டப்பாலயும் பார்கோடு இருக்கற மடிப்பை வெட்டி அனுப்பணுமாம், ராத்திரி சமையல் மேடையில உக்காந்து கத்தரிக்கோலால 8 துண்டு வெட்டி ஃபார்ம்ல ஒட்டி, ரசீது, கண் டாக்டர் பில்லு எல்லாம் வெச்சு அனுப்பினேன். வெட்டிட்டா டப்பாவைத் திருப்பித் தரவும் முடியாது, பவர் மாறினாலும் நம்ம தலையிலதான். 8 வாரம் கழிச்சு டாக்டர்கிட்ட போன தேதி இல்லன்னு ரிஜெக்ட் பண்ணிட்டாங்க, அந்தத் தேதி பில்லுல முதல் வரியிலயே இருக்கு! நல்ல வேளை, ஒட்டறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து வெச்சிருந்தேன், அதைக் காட்டி மூணு தடவ போன் பண்ணி மல்லுக்கட்டின பிறகுதான் ஒத்துக்கிட்டாங்க.

அப்புறமும் செக் வரல, ப்ரீபெய்டு கார்டுதான் வந்துச்சு, அதுவும் விளம்பரத் தபால் மாதிரி பேரில்லாத வெள்ளைக் கவர்ல, என் மனைவி குப்பையில போடப் போனவங்க கெட்டியா ஏதோ தட்டுப்படுதேன்னு பிரிச்சுப் பாத்தாங்க. கார்டுக்கு ஆறு மாசம்தான் ஆயுசு. காசு குடுத்து வாங்கற கிஃப்ட் கார்டுல இருக்கற பணம் குறைஞ்சது 5 வருஷம் செல்லணும்னு 2009 சட்டம் சொல்லுது, ஆனா இந்த மாதிரி ப்ரமோஷன் கார்டுக்கு அது பொருந்தாதாம். நம்ம பணத்தைத்தானே திருப்பித் தர்றாங்க, அதுக்கு எதுக்கு கெடு?

இது இன்னைக்கு வந்த பிரச்சனையும் இல்ல. ரிபேட் பணம் ஒழுங்கா போய்ச் சேரலன்னு 2005லயே கம்ப்யூட்டர் விக்கற கம்ப்யூஎஸ்ஏ கடை மேல, வியாபார மோசடியைக் கண்காணிக்கற அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்துச்சு. அதே வருஷம் எலக்ட்ரானிக்ஸ் கடையான பெஸ்ட் பை, ரெண்டு வருஷத்துல மெயில்-இன் ரிபேட்டையே நிறுத்திடறோம்னு அறிவிச்சாங்க. அவ்வளவு பெரிய கடையே விட முடியும்னா மத்தவங்களுக்கு என்ன கஷ்டம்? மளிகைக் கடையில கூப்பனை நீட்டினா அந்த நிமிஷமே கழிக்கறாங்க இல்ல, அதே கம்ப்யூட்டர்தானே இங்கயும் இருக்கு. நாம மறந்துடுவோம், தேதியை விட்டுடுவோம், அலுத்துப் போய் விட்டுடுவோம்ங்கற நம்பிக்கையிலதான் இதை வெச்சிருக்காங்கன்னு எனக்குத் தோணுது.

வாங்கினவங்க யாராவது இருந்தா அனுப்பற ஒவ்வொரு காகிதத்தையும் போட்டோ எடுத்துக்கங்க, கடைசித் தேதியைக் காலண்டர்ல குறிச்சு வெச்சுக்கங்க, கார்டு வந்த வாரமே செலவு பண்ணிடுங்க. பில்லு கார்டுல இருக்கறதை விட அதிகமா இருந்தா, கடையில கார்டுல மீதி எவ்வளவுன்னு சொல்லி அந்தத் தொகையை மட்டும் அதுல எடுக்கச் சொல்லணும், இல்லன்னா டிக்ளைன் ஆகும். ரிஜெக்ட் பண்ணினா சும்மா விடாதீங்க, மாநில அரசோட தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் ஆபீஸுக்கு ஆன்லைன்லயே புகார் குடுக்கலாம், பத்து நிமிஷ வேலை, நானும் குடுத்திருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், இல்லினாய்