திட்டுவதை விட்டு வழியைக் காட்டுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும், 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே இல்லை' என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. பெரும்பாலான நாடுகளில் இளம் வயதினர் மூத்தவர்களைவிடக் குறைவாகவே வாக்களிக்கிறார்கள் என்பது உண்மைதான். அதற்குக் காரணம் பொறுப்பின்மை மட்டுமே என்பதை, பல காலம் ஆசிரியையாக இருந்த என்னால் ஏற்க முடியவில்லை.

பதினெட்டு என்பது எப்படிப்பட்ட வயது? வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டிய அதே சமயத்தில்தான் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் ஊர்விட்டுப் போகிறார்கள். முகவரிச் சான்று ஓரிடத்தில், ஆள் இன்னோரிடத்தில். நாலு பேர் சேர்ந்து தங்கும் அறையில் வாடகை ஒப்பந்தம் யாரோ ஒருவர் பெயரில் இருக்கும். பெயர் சேர்க்கக் கடைசி நாள் எப்போது போனது என்றே தெரியாது. வாக்குப்பதிவு அன்று பார்த்தால் பட்டியலில் பெயர் இருக்காது. இருந்தாலும் அது ஓர் இரவுப் பயணத் தொலைவில் இருக்கும். சரி, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். இரண்டு தேர்தல் இப்படிப் போனால் போகாமல் இருப்பதே பழகிவிடும். வாக்களிப்பதும் பழக்கத்தால் வருவதுதான்.

ஆஸ்திரியா 2007-இல் வாக்குரிமை வயதை 16 ஆகக் குறைத்தது. அங்கே நடந்த தேர்தல்களை ஆராய்ந்தவர்கள், வீட்டிலும் பள்ளியிலும் இருக்கும் 16, 17 வயதினர், 18 முதல் 20 வயது வரை உள்ளவர்களைவிட அதிகமாக வாக்களித்ததைக் கண்டார்கள். பக்கத்தில் பெற்றோரும் ஆசிரியர்களும் இருப்பது எவ்வளவு பெரிய பலம்! மலேசியாவில் 21 ஆக இருந்த வயதை 18 ஆக்கக் கோரி இளைஞர்களே முன்னின்று போராடினார்கள். 2019-இல் அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறியது. 2022 பொதுத் தேர்தலில் 18 வயதினரும் வாக்களித்தார்கள். வயது குறைந்ததைவிட, அதே திருத்தத்தில் வந்த இன்னொரு மாற்றத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்: விண்ணப்பிக்காமலே பெயர் பட்டியலில் சேர்ந்துவிடும். இந்தியாவில் 21 வயது 18 ஆனது 1989-இல். இப்போது 17 வயது முடிந்தவுடனேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். இது எத்தனை பிளஸ் டூ வகுப்புகளில் சொல்லப்படுகிறது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாக்குப் போடுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அண்மையில் ஓர் உள்ளாட்சிக் கூட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். மாலை நேரப் பேருந்து ஒன்றின் நேரத்தை மாற்றுவது பற்றிய பேச்சு வந்தது. அதில் போவோரில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். ஆனால் அரங்கில் இருந்த அத்தனை பேரும் என் வயதை ஒட்டியவர்கள். கால் மணி நேரத்தில் விஷயம் முடிந்து, அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். ஒரே ஒரு மாணவி எழுந்து, 'எங்கள் வகுப்பு விடுவதே ஐந்தே முக்காலுக்கு' என்று சொல்லியிருந்தால் போதும், முடிவு வேறாக இருந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. அப்படி ஒரு கூட்டம் நடப்பதே அவர்களுக்குத் தெரியாது.

ஆகவே பெற்றோர்களே, வீட்டில் பதினேழு முடிந்த பிள்ளை இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்ப உதவுங்கள். ஊர் மாறியிருந்தால் முகவரியை மாற்றச் சொல்லுங்கள். எந்தக் கட்சி, எந்த வேட்பாளர் என்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். பெயர் சேர்ப்பதற்கான கடைசி நாளையும் உள்ளாட்சிக் கூட்டங்கள் நடக்கும் தேதிகளையும் பெரிய எழுத்தில், முதல் பக்கத்திலேயே வெளியிடுங்கள். நாள் கடந்தபின் அல்ல, இரண்டு வாரம் முன்னதாகவே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை