தாத்தாவின் மகள் என்று எழுதியிருக்கிறது

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். தாத்தாவின் வயலில் என் பங்குக்கான பட்டா, அதாவது நிலம் என் பெயரில் என்று சொல்லும் வருவாய்த்துறைச் சான்று, கைக்கு வந்துவிட்டது. போனில் சொன்னபோது, "பங்கு வழக்கின் தீர்ப்பு அன்றைக்கே வந்துவிட்டதே, இத்தனை நாள் எதற்கு?" என்று கேட்டாய். குழந்தை அழுதான், பேச்சு நின்றுபோனது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்குக் கல்யாணம் ஆனது 1987இல். 1989இல் தமிழ்நாட்டில் குடும்பச் சொத்தில் பெண்களுக்குச் சமபங்குச் சட்டம் வந்தபோது, அதற்கு முன்பே மணமானவர்களுக்கு அது இல்லை என்று விட்டுவிட்டார்கள். 2005இல் மத்தியச் சட்டம் அந்தத் தடையை எடுத்தது. என் அப்பா, உன் தாத்தா, 2003இலேயே போய்விட்டார் என்பதைக் காட்டி, முதலில் எனக்குச் சமபங்கை மறுத்தார்கள். மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை, 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் சொன்ன பிறகுதான் மேல்முறையீட்டில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது.

அந்தத் தீர்ப்பின் நகலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்த நாள் நினைவிருக்கிறது. எல்லாம் முடிந்தது என்று நம்பினேன். மறுநாள் நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டாவை எடுத்துப் பார்த்தால், அதே கூட்டுப் பட்டா, அதே இரண்டு மாமாக்களின் பெயர். நீதிமன்றம் சொல்லிவிட்டது என்பதற்காகக் கிராமக் கணக்கு தானாக மாறாது, மகளே. நாம் போய்க் கேட்க வேண்டும்.

கேட்டேன். மனு தள்ளுபடியானது. என் கையில் இருந்தது முதல்நிலைத் தீர்ப்பாணை. அதில் எத்தனை பங்கு என்றுதான் இருக்கும். எந்தப் பக்கத்து மண் என்று இருக்காது. மறுபடி வழக்கறிஞரிடம் போய், இறுதித் தீர்ப்பாணைக்கு மனுப் போட்டோம். நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர் வயலுக்கே வந்து அளந்து, வரைபடம் போட்டு, மூன்று பங்காகப் பிரித்துக் கொடுத்தார். அதை முத்திரைத்தாளில் எழுதி வாங்கி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தோம். உன் அப்பா அதை விடாமல் செய்யச் சொன்னார். பதிந்தால்தான் நிலத்தின் மேல் நடந்த பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் ஏறும். நாளைக்கு யாராவது விற்கப் பார்த்தாலும், வாங்குபவர் சான்றைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதன் பிறகே இ-சேவை மையத்தில் உட்பிரிவுடன், அதாவது என் பங்கைத் தனி எண்ணாகப் பிரித்து, பட்டா மாறுதலுக்கு எழுதிக் கொடுத்தேன்.

நில அளவர் வந்தது மாசியில், சம்பா அறுத்து முடிந்த தாளடிக்கட்டைகளின் மேல். கையில் வயலின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படம். கிழக்கு எல்லையில் பழைய கல் அகப்படவில்லை. அரை மணி நேரம் தேடினார்கள். பெரிய மாமா வரப்பில் குடையோடு நின்றிருந்தார். பத்து வருடமாக என்னோடு பேசாதவர். திடீரென்று இறங்கி வந்து, வேம்பின் அடியில் காலால் மண்ணைத் தள்ளி, "இங்கே தோண்டுங்கள், அப்பா வைத்த கல் இங்கேதான் இருக்கிறது" என்றார். இருந்தது. அந்தக் கல்லிலிருந்துதான் என் பங்கை அளந்தார்கள். போகும்போது, "வெயிலில் நிற்காதே" என்று மட்டும் சொன்னார். எனக்கு அது போதும்.

பழைய புல எண் 84/2 இப்போது மூன்றாகிவிட்டது. நம்முடையது 84/2சி, 0 ஹெக்டேர் 40.50 ஏர், அதாவது நம் கணக்கில் ஒரு ஏக்கர். விண்ணப்பத்தில் கணவர் பெயரைப் போடட்டுமா என்று மையத்துப் பெண் கேட்டாள். வேண்டாம், இது என் அப்பா வழி நிலம், அப்படியே எழுது என்றேன். அச்சில் தாத்தாவின் பெயர், பிறகு 'மகள்', பிறகு என் பெயர் என்று வந்திருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன்.

பதிந்த தீர்ப்பாணை, வில்லங்கச் சான்று, புதிய புலப்படம் மூன்றுக்கும் நகல் எடுத்து உனக்குத் தபாலில் அனுப்புகிறேன். தம்பிக்கும் ஒரு கட்டு வைத்திருக்கிறேன். பட்டா எண்ணை உறையின் உள்பக்கம் எழுதியிருக்கிறேன். மாவட்டம், வட்டம், கிராமம் போட்டு அந்த எண்ணைத் தட்டினால் சிட்டா இணையத்திலேயே வரும். குழந்தை தூங்கிய பிறகு எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசு.

அன்புடன்,
அம்மா