கலெக்டர் என்று கூப்பிட்டது என் தப்பு

அன்புள்ள மாப்பிள்ளை,

இதைப் பொதுவில் எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுதுங்கள் மாமா, பெயர் மட்டும் வேண்டாம்" என்றாய். அம்மாவிடம் நீயே உண்மையைச் சொல்லிவிட்டாய் என்று நேற்று அக்காவும் போன் செய்தாள். இனி ஒளிக்க எதுவும் இல்லை.

தீபாவளிக்கு வந்திருந்தபோது பட்டாசு காயவைக்கப் பழைய செய்தித்தாள் தேடி உன் அலமாரியைத் திறந்தேன். அடியில் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வின் வினாத்தொகுப்பு. பென்சிலால் விடைகளைக் குறித்து வைத்திருந்தாய். எனக்குத்தான் வாத்தியார் புத்தி போகாதே, விடைக்குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினேன். 200-க்கு 131 சரி. அக்காவிடம் நீ சொல்லியிருந்தது 165.

கோபம் வந்தது. ஆனால் ஊர் திரும்பும் பஸ்ஸில் வேறொன்று உறுத்த ஆரம்பித்தது. இரண்டாம் வகுப்பில் நீ பதினாறாம் வாய்ப்பாட்டைத் திக்காமல் ஒப்பித்த அன்று, "இவன் பிறவியிலேயே கலெக்டர்" என்று சொன்னது நான். அப்புறம் தெருவே அப்படிக் கூப்பிட்டது. கல்யாணப் பந்தியில் "கலெக்டருக்கு இன்னொரு வடை வை" என்பார்கள். உனக்கும் அது பிடித்திருந்தது. கணக்கில் மார்க் குறைந்தால் மட்டும் ரேங்க் கார்டு இரண்டு நாள் தாமதமாக வீட்டுக்கு வரும். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

1998-இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்து, முடித்ததும் சிலரிடம் "நீ கெட்டிக்காரப் பிள்ளை" என்றார்கள். வேறு சிலரிடம் "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றார்கள். பிறகு கடினமான புதிர்கள், எல்லோருமே திணறினார்கள். மறுபடி பழைய தரத்திலேயே புதிர்கள் வந்தபோது, கெட்டிக்காரர்கள் எனப்பட்டவர்கள் முதலில் வாங்கியதைவிடக் குறைவாக வாங்கினார்கள். உழைப்புக்குப் பாராட்டுப் பெற்றவர்கள் முன்னேறியிருந்தார்கள். கடைசியில், வேறு பள்ளியில் படிக்கும் முகம் தெரியாத ஒரு பிள்ளைக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதச் சொன்னார்கள். கெட்டிக்காரர்களில் பத்துக்கு ஏறத்தாழ நான்கு பேர் வாங்கியதைவிடக் கூட்டி எழுதினார்கள். இன்னொரு கூட்டத்தில் அப்படிச் செய்தவர்கள் பத்தில் ஒருவருக்குச் சற்று மேல்.

ஒரே ஒரு வாக்கியத்துக்கே இந்தப் பாடு. உன்னை இருபது வருடம் கூப்பிட்டிருக்கிறோம். அந்த 34 கேள்விகளின் பொய்யில் எனக்கும் பங்கு இருக்கிறது, மாப்பிள்ளை.

நீ அனுப்பிய வீடியோவையும் பார்த்தேன். 1953-இல் யேல் பல்கலைக்கழகத்தில் லட்சியத்தைக் காகிதத்தில் எழுதி வைத்திருந்த 3 விழுக்காட்டு மாணவர்கள், இருபது வருடம் கழித்து மற்ற எல்லோரையும்விட அதிகமாகச் சம்பாதித்திருந்தார்களாம். பேச்சாளர் கண் கலங்கச் சொல்கிறார். அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. அந்தப் பல்கலைக்கழகமே தேடிப் பார்த்துவிட்டு, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டது. மேடைகளில் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதற்காக இலக்கே வீண் என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் ஓக்லஹோமாவில் மரம் ஏற்றும் லாரிக்காரர்களைப் பற்றி 1975-இல் ஒரு கட்டுரை வந்தது. "முடிந்தவரை ஏற்றுங்கள்" என்று சொன்ன காலத்தில், சட்டம் அனுமதித்த எடையில் அறுபது விழுக்காட்டை ஒட்டித்தான் ஏற்றினார்கள். "94 விழுக்காடு ஏற்ற வேண்டும்" என்று எண்ணைச் சொன்னதும் சில மாதங்களில் தொண்ணூறைத் தொட்டார்கள். இதற்கென்று கூடுதல் கூலி கிடையாது. அந்த எண் இன்று, இந்த லாரியில் ஏற்றும் மரத்தைப் பற்றியது என்பதைக் கவனி. லாரி முதலாளி ஆகப்போகிறாய் என்று யாரும் அவர்களுக்குச் சுவரில் எழுதி ஒட்டவில்லை. உன் அறைச் சுவரில் சிவப்பு மையில் 'மாவட்ட ஆட்சியர்' என்று இருக்கிறது. நாளைக் காலை எந்தப் பாடத்தில் எத்தனை பக்கம் என்று அறை முழுக்கத் தேடினேன், எங்கும் இல்லை.

என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் முதல் வாரமே சொல்வது, "சார், எனக்குச் சுண்டுவிரல் வராது." இடது சுண்டுவிரலுக்கு ஆங்கில 'ஏ' எழுத்து. அந்த விரலுக்கு வலு குறைவு, அழுத்தினால் தாளில் எழுத்து மங்கலாக விழும். உடனே மோதிர விரலை அனுப்பிச் சமாளிப்பார்கள். நான் தைரியம் சொல்வதில்லை. விசைகளின் மேல் அட்டையை வைத்து மறைத்துவிட்டு, அந்த ஒரு விரலுக்கு மட்டும் தினமும் மூன்று வரி கொடுப்பேன். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் தாளை உருவிப் பார்க்கும்போது 'ஏ' மற்ற எழுத்துகளைப் போலவே கறுப்பாக விழுந்திருக்கும். அன்றைக்குத்தான் முகத்தில் ஒரு தெளிவு வரும். பத்து நிமிடத்தில் 2,250 தட்டு கேட்கும் ஹையர் பரீட்சைக்குப் பணம் கட்டட்டுமா என்று அவர்களே வந்து கேட்பார்கள். விரல் பழகிய பிறகு நம்பிக்கை வந்துதான் பார்த்திருக்கிறேன். முதலில் நம்பிக்கையை வரவழைத்துவிட்டு விரலைப் பழக்கியவர்களை நான் பார்த்ததில்லை.

மனப்பாங்கு மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று டுவெக் பெயரைச் சொல்லி விற்கிறவர்களையும் நம்பிவிடாதே. 2019-இல் அவரும் சேர்ந்து, அமெரிக்காவில் 12,000-க்கும் மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் சோதித்தார்கள். அறிவு வளரக்கூடியது என்று ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பாடம். படிப்பில் பின்தங்கியவர்களுக்குக் கிடைத்த ஏற்றம், நான்கு புள்ளியை ஒட்டிய அளவுகோலில் பத்தில் ஒரு புள்ளி. அந்தச் செலவுக்கு அது லாபம்தான். ஆனால் பத்தில் ஒரு புள்ளிதான். தவிர, 2024-இல் 6,244 இடங்களுக்குக் குரூப் 4 அறிவிப்பு வந்தபோது விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம். இதில் தோற்றவர்களுக்கெல்லாம் தன்னம்பிக்கை போதவில்லை என்று மேடையில் ஒருவர் சொன்னால் அவருக்குக் கணக்கு வரவில்லை என்று அர்த்தம்.

உன் தப்புகள் 69-ஐயும் வகை பிரித்துப் பார்த்தேன். கணக்கில் மூன்றுதான், வாய்ப்பாட்டுக்காரன் அங்கே நிற்கிறான். தமிழில் பதினாறு. மீதி ஐம்பதும் பொது அறிவில். அதிலும் ஆட்சியியல் கேள்விகளின் பக்கத்தில் வரிசையாகக் கேள்விக்குறி போட்டிருக்கிறாய். விடைத்தாளில் 'விடை தெரியவில்லை' என்று கறுப்பாக்க ஐந்தாவதாக ஒரு வட்டம் வைத்திருக்கிறார்கள். அதை ஒரு கேள்விக்காவது தொட்டாயா என்று அன்றைக்குப் போனில் கேட்டேன். "இல்லை மாமா" என்றாய். தவறான விடைக்கு மதிப்பெண் கழியாத பரீட்சையில் அது சரியான முடிவுதான். வீட்டிலும் அந்த வட்டத்தைத் தொடாமலே இருந்துவிட்டாய் என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பு கிடையாது, இன்ஸ்டிடியூட் காலியாக இருக்கும். வினாத்தொகுப்பை எடுத்துக்கொண்டு வா. எடுத்த இடத்திலேயே வைத்திருக்கிறேன். கேள்விக்குறி போட்ட ஆட்சியியல் கேள்விகளை மட்டும் பார்ப்போம், மற்றது அடுத்த வாரம். வரும் வழியில் டீக்கடைக்காரர் பழைய பெயரில் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளாதே. அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன், ஆரம்பித்து வைத்தவன் நான்தானே.

அன்புடன்,
மாமா