கயலுக்கு, ரோமிலிருந்து அப்பா

அன்புள்ள கயல்,

ஏழு நாளாக நீ "எப்படிப் போகுது?" என்று கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். அம்மா அனுப்பிய போட்டோக்களில் பாதி அவள் விரலாகத்தான் இருந்திருக்கும். அதனால் இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன். சமையலறை மேசையில் நீ போட்டுக்கொடுத்த பட்டியல் கிடக்கிறது, கலர் கலராக, காலை எட்டரையிலிருந்து ராத்திரி எட்டு வரைக்கும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மூன்றாம் நாளோடு அதைக் கைவிட்டோம். போர்கேசே கேலரி டிக்கெட் இரண்டும் வீண். அதற்கு முழுக் காரணம் நான்தான், அம்மாவிடம் சண்டை போடாதே.

முதல் நாள் கொலோசியத்தில் உன்னால் ஒரு சின்னக் கூத்து. டிக்கெட்டில் அம்மா பெயருக்குப் பின்னால் என் பெயரைப் போட்டிருக்கிறாய், பாஸ்போர்ட்டில் இருப்பது உன் தாத்தா பெயர். வாசலில் நின்ற பையன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். நான் இனிஷியல் என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்ததும் பயந்துபோய் உள்ளே போகச் சொல்லிவிட்டான். ஐம்பதாயிரம் பேர் உட்கார்ந்த இடமாம். எனக்குப் பிடித்தது வாசல்கள். மொத்தம் 80 வளைவுகள், அதில் பொதுஜன வாசல்களுக்கு மேலே எண் வெட்டியிருக்கிறார்கள், சிலது இன்றும் தெளிவாகத் தெரிகிறது. சேப்பாக்கத்தில் கேட் நம்பர் பார்த்து நுழைகிற மாதிரிதான்.

இரண்டாம் நாள் வாடிகன். கூட்டம், கூட்டம், கழுத்து வலி. அங்கே இருக்கிற சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரையை மைக்கலாஞ்சலோ 1508லிருந்து 1512 வரை வரைந்தாராம், எனக்குப் பத்து நிமிடம் அண்ணாந்து பார்த்ததற்கே தைலம் தேவைப்பட்டது. அம்மாவுக்குப் பிடித்தது செயின்ட் பீட்டர்ஸ் கோயிலுக்குள் இருக்கிற பீட்டரின் வெண்கலச் சிலை. வருகிறவர்கள் தொட்டுத் தொட்டு அதன் வலது பாதத்தில் விரல்களே தேய்ந்துவிட்டன. அம்மா யாரையும் கேட்காமல் போய்த் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பின்னால் நின்ற ஒரு பாட்டியும் அவளைப் பார்த்து அதே மாதிரி செய்தார்.

மூன்றாம் நாள்தான் உன் பட்டியல் தடம் மாறியது. காரணம் தண்ணீர். நீ சிரிப்பாய் என்று தெரியும். முப்பத்திரண்டு வருஷம் குடிநீர்க் குழாயோடு குடும்பம் நடத்தியவன் வேறு எதைப் பார்ப்பேன்?

இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இரும்புக் குழாய்த்தூண் நிற்கிறது, மூக்கு மாதிரி வளைந்த வாய், அதனால் 'நசோனே', அதாவது பெரிய மூக்கு, என்று பெயர். 1870களில் வைக்க ஆரம்பித்தார்கள், இன்றைக்குச் சுமார் 2,500 இருக்கிறது. திருகு கிடையாது. ராத்திரி பகல் ஓடிக்கொண்டே இருக்கிறது. முதல் நாள் எனக்கு வயிறு எரிந்தது, கையால் அடைக்கப் போனேன், மேலே ஒரு சின்ன ஓட்டை வழியாக என் சட்டையில் பீய்ச்சியடித்தது. குனியாமல் குடிப்பதற்காக வைத்த ஓட்டையாம் அது, வாயை விரலால் அடைத்தால் மேலே ஊற்று மாதிரி வரும். அம்மா சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. ஓடிக்கொண்டே இருந்தால் குழாயில் தண்ணீர் தேங்கிக் கெடாது என்று இதற்கு ஒரு நியாயமும் சொல்கிறார்கள். 2017 வறட்சியில் கொஞ்சத்தை மூடவும் மூடினார்கள். என் மனசு இன்னும் முழுசாக ஒப்பவில்லை, ஆனால் ஏழு நாளும் தண்ணீர் பாட்டில் வாங்கவே இல்லை.

அப்புறம் ட்ரெவி நீரூற்று. எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு காசு எறிகிறார்கள், எறிந்தால் திரும்ப இந்த ஊருக்கு வருவோமாம். அம்மா "ரயில்ல போறப்ப காவேரியில போட்டதே போதும்" என்று பர்ஸை மூடிவிட்டாள். ஆனால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது தெரியுமா? கி.மு. 19இல் அக்ரிப்பா என்ற ரோமானியத் தளபதி கட்டிய அக்வா விர்கோ என்ற கால்வாய் வழி. ஏறக்குறைய 21 கிலோமீட்டர், பெரும்பாலும் பூமிக்கடியில், மொத்த வாட்டம் நாலு மீட்டர்தான் என்கிறார்கள். பம்ப் இல்லை, கரன்ட் இல்லை. கோத் என்ற இனத்தாரின் படைகள் 537இல் ஊரை முற்றுகையிட்டுக் கால்வாய்களை வெட்டிவிட்டபோது ஊருக்குள் கால்வாய்த் தண்ணீர் வருவது நின்றுபோனது. பிறகு போப்புகள் இதைப் பழுது பார்த்துப் பழுது பார்த்து இன்றைக்கு வரை ஓட வைத்திருக்கிறார்கள். ஸ்பானியப் படிகளுக்குக் கீழே படகு வடிவத்தில் ஒரு நீரூற்று இருக்கிறதே, அதுவும் இந்தத் தண்ணீர்தான். அங்கே அழுத்தம் போதாமல், தண்ணீர் உயரமாக எழும்பாது என்பதால், மூழ்கும் படகு மாதிரித் தரையோடு தரையாக அமைத்துவிட்டார் பெரிய சிற்பி பெர்னினியின் அப்பா. குறையை அழகாக மாற்றிய அந்த மனுஷனை எனக்கு மகனைவிடப் பிடித்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே அம்மா படியில் உட்கார்ந்தாள், உடனே ஒரு போலீஸ்காரர் விசில் ஊதினார். 2019லிருந்து அந்தப் படியில் உட்காரக் கூடாதாம், அபராதம் உண்டாம். முட்டிவலிக்காரிக்கு அதெல்லாம் தெரியுமா? கைகூப்பி எழுந்தாள், அவரும் விட்டுவிட்டார்.

பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலுக்குப் போன அன்று மழை. நல்லதாகப் போயிற்று. கூரை நடுவில் பெரிய வட்டத் திறப்பு, கண்ணாடி கிண்ணாடி எதுவும் இல்லை, மழை நேராக உள்ளே விழுகிறது. அம்மா "எங்க பாட்டி வீட்டு முற்றம் மாதிரியே இருக்கு" என்று நின்றுவிட்டாள். குடத்தை வைத்துக் கூரைத்தண்ணீர் பிடித்த கதையெல்லாம் சொன்னாள், முப்பத்தாறு வருஷத்தில் நான் கேட்காத கதை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் லேசாக மேடு, தண்ணீர் வடிய 22 சின்ன ஓட்டைகள். 43 மீட்டர் குறுக்களவு உள்ள டோம், உள்ளே ஒரு கம்பிகூட இல்லாத கான்கிரீட், கிட்டத்தட்ட 1,900 வருஷம் நிற்கிறது. நம் ஊரில் ஐந்து வருஷத்தில் மொட்டைமாடி ஒழுகுகிறது, விடு.

இப்போது போர்கேசே டிக்கெட் கதை. ஐந்தாம் நாள் மதியம் அங்கே போயிருக்க வேண்டும். காலையில் சும்மா ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று மெட்ரோ ஏ லைனில் ஜூலியோ அக்ரிகோலா ஸ்டேஷனில் இறங்கினோம். பத்து நிமிட நடை, பிறகு பெரிய புல்வெளி, குடை மாதிரி விரிந்த பைன் மரங்கள், நாயோடு ஓடுகிறவர்கள், நடுவில் வரிசையாக வளைவுகள். அக்வா க்ளாவ்டியா, இன்னொரு பழைய தண்ணீர்க் கால்வாய். கி.பி. 38இல் ஆரம்பித்து 52இல் முடித்தார்கள், 69 கிலோமீட்டர், கடைசிப் பகுதி மட்டும் இப்படித் தூண்மேல் ஏறி வருகிறது, சில இடத்தில் ஒன்பது மாடி உயரம். டிக்கெட் இல்லை, வரிசை இல்லை. நான் ஒவ்வொரு வளைவாக அடிபோட்டு அளந்துகொண்டே போனேன், மணி பார்க்கவில்லை.

இந்தக் கால்வாய்களுக்கெல்லாம் ஃப்ரான்டினஸ் என்று ஒரு அதிகாரி இருந்தார். கி.பி. 97இல் தண்ணீர்த் துறைக்கு வந்தவர். வந்ததும் கணக்கு எடுத்துப் பார்த்தால், ஊருக்குள் வரும் தண்ணீருக்கும் பதிவேட்டுக்கும் சம்பந்தமே இல்லை. குழாயில் ஓட்டை போட்டுக் காசுக்குத் தண்ணீர் விற்றதே அவருடைய ஆட்கள்தான். இதையெல்லாம் வரிசையாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். படித்தபோது என் பழைய ஃபைலைத் திருப்புகிற மாதிரியே இருந்தது. எகிப்தின் பிரமிடுகளை வேலைக்காகாதவை என்று வேறு சொல்லியிருக்கிறார், எங்கள் ஆள்தான்.

அம்மா ஒரு மரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் திரும்பி வந்ததும், "வீராணம் குழாய் போட்டப்பவும் இப்படித்தான் அளந்துக்கிட்டு இருந்தீங்களா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். "கயல் ஆண்டு விழாவுக்கு வராம?" என்றாள்.

2004. உனக்கு நினைவிருக்கும், நீ எட்டாம் வகுப்பு. நான் பண்ருட்டிப் பக்கம் கேம்ப்பில் கிடந்தேன். சென்னையில் ஏரிகள் காய்ந்து கிடந்தன, நீயும் அம்மாவும் லாரிக்குக் குடம் வரிசை போட்டுக்கொண்டிருந்தீர்கள், ஊருக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வேலையில் இருந்தவன் வீட்டிலேயே தண்ணீர் இல்லை. நீ பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கினாய். நான் நாலு நாள் கழித்து இரண்டு கிலோ முந்திரிப் பருப்போடு வந்து நின்றேன். நீ ஒன்றும் சொல்லவில்லை, பருப்பையும் தொடவில்லை. வேலை இருந்தது, உண்மைதான். ஆனால் அந்த வாரம் லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்கவே இல்லை, குழாயைவிட்டு வர எனக்கு மனசில்லை. இதை அம்மாவிடமும் அன்றைக்குத்தான் சொன்னேன். அவள் "தெரியும்" என்றாள். உனக்கும் தெரிந்திருக்கலாம், இருந்தாலும் நான் சொல்ல வேண்டியது.

அதற்குள் மணி மூன்று, கேலரி நேரம் போயே போய்விட்டது. பக்கத்துக் கடையில் மிளகும் பாலாடைக்கட்டியும் மட்டும் போட்ட பாஸ்தா சாப்பிட்டோம். அம்மா தீர்ப்பு: "வெண்பொங்கல்ல மிளகு தூக்கலாப் போட்ட மாதிரி இருக்கு."

நாளைக் காலை விமானம். அந்த இரண்டு டிக்கெட் எவ்வளவு என்று எழுது, அனுப்பிவிடுகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே. உன்னிடம் வாங்கிய குடையைப் பாந்தியனில் தொலைத்துவிட்டோம். அம்மா நசோனேயில் பிடித்த ஒரு லிட்டர் பாட்டிலை மாமிக்குக் கொண்டுபோவதாகப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள், உள்ளே கசிந்து என் வேட்டியெல்லாம் நனையும் என்று சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறாள். மூடியில் டேப் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா