சிலிம் ரிவர் மேசையில் வரிசை தவறிய ரப்பர் மரங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த வார இறுதியில் கோலாலம்பூரில் நடைபெற்ற வரலாற்றுப் போர் விளையாட்டுச் சந்திப்புக்கு என் பேரனை அழைத்துச் சென்றிருந்தேன். விரல் நக அளவே உள்ள சிப்பாய் பொம்மைகளுக்கு மெல்லிய தூரிகையால் சீருடை தீட்டி, மேசைமேல் ஆறும் சாலையும் அமைத்து, அளவு நாடாவும் பகடையும் கொண்டு பழைய போர்களை மறுபடி நடத்திப் பார்க்கிறார்கள். பிள்ளை விளையாட்டு என்று எண்ணித்தான் போனேன். பிரஷ்யப் படை 1824ஆம் ஆண்டிலேயே தன் அதிகாரிகளுக்கு இத்தகைய விளையாட்டைக் கொண்டு போர்முறை பயிற்றுவித்தது என்பதை அங்கேதான் அறிந்தேன்.

வாட்டர்லூ மேசையைப் பேரன் பார்த்துக்கொண்டிருக்க, நான் சிலிம் ரிவர் மேசையருகே நின்றுவிட்டேன். 1942 ஜனவரி 7ஆம் நாள் விடியுமுன் ஜப்பானிய டாங்கிகள் பேராக் மாநிலத்துத் துரோலாக்கில் பிரிட்டிஷ் தரப்பின் தடைகளை உடைத்து, சாலையோடு இறங்கி, அன்று காலையிலேயே சிலிம் ஆற்றுப் பாலத்தைக் கைப்பற்றிய போர் அது. நான்கே நாட்களில், 11ஆம் தேதி, கோலாலம்பூரும் வீழ்ந்தது.

நான் தஞ்சோங் மாலிம் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்வெட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவன். மேசையில் ரப்பர் மரங்களைக் காடுபோல் கண்டபடி நட்டிருந்தார்கள். மேசையை அமைத்த சீன இளைஞரிடம், தோட்டத்தில் மரங்கள் நிரை பிடித்து நிற்கும், நிரையோடு பார்த்தால் வெகுதூரம் தெரியும், குறுக்கே பார்த்தால் தண்டுகள் மறைக்கும் என்று மலாயில் சொன்னேன். மறுநாள் ஞாயிறு காலை நாங்கள் போனபோது மரங்களெல்லாம் நூல் பிடித்ததுபோல் நின்றன! நிரைகளின் இடைவெளியில் வைத்திருந்த பீரங்கி, முந்தைய நாள் கண்ணில் படாத முதல் டாங்கியை இம்முறை நிறுத்திவிட்டது. ஆனாலும் பாலம் போகத்தான் செய்தது. கம்பார் போருக்குப் பின்னும் ஓய்வின்றிப் பின்வாங்கிவந்த பிரிட்டிஷ் தரப்பு இந்தியப் படையினருக்குச் செய்தி போய்ச் சேருமுன் டாங்கி போய்ச் சேர்ந்துவிடுகிறது. தாக்குதல் நடப்பதே தெரியாமல் சாலையில் நடந்து வந்துகொண்டிருந்த ஒரு பஞ்சாப் பட்டாளத்தின் நடுவே அவை புகுந்ததை அந்த இளைஞர் பொம்மைகளை நகர்த்திக் காட்டியபோது, புத்தகத்தில் எத்தனையோ முறை படித்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சாலையை நேராக்கியபின் கைவிடப்பட்ட பழைய வளைவுகள் வழியாகவே டாங்கிகள் தடைகளைச் சுற்றிக்கொண்டு வந்தன என்றும் அவர் சொன்னார். இத்தகைய பாதைகளை நம் தோட்டத்து மக்களைவிட அறிந்தவர் யார்? ஆனால் அந்த மேசையில் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடான லயம் ஒன்றும் இல்லை, கோயிலும் இல்லை. இதற்கு அவரைக் குறைகூற மாட்டேன். லயங்கள் எங்கே இருந்தன என்று அவர் கேட்டார். எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என் தகப்பனார் இருந்தவரை நான் கேட்டதில்லை. போர்க்காலம் என்றால் நம் வீடுகளில் ஜப்பானியர் நம்மவரைச் சயாம் ரயில்பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போன கதைதான் வரும். அது வரவேண்டியதுதான், ஆனால் அதற்கு முந்தைய அந்தச் சில வாரங்கள் யார் வாயிலும் வருவதில்லை.

எனவே தங்கள் ஞாயிறு பதிப்பில் பேராக், சிலாங்கூர் தோட்டங்களில் 1941 டிசம்பர் முதல் நடந்தவற்றை மூத்தவர்களிடமும் அவர்களின் பிள்ளைகளிடமும் கேட்டு வெளியிட வேண்டுகிறேன். துயரக் கதைகளோடு, லயம் சாலையிலிருந்து எவ்வளவு தூரம், பால் கொட்டகை எந்தப் பக்கம், மக்கள் எந்தப் பாதையில் ஓடி ஒளிந்தார்கள் என்பனவும் இடம்பெற வேண்டும். கையால் வரைந்த வரைபடம் இருந்தால் அதையும் அச்சிடுங்கள். அந்த இளைஞருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்த்துக் கொடுக்கும் பொறுப்பை என் பேரன் ஏற்றுக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்.